ராஜா வீட்டு ஆர்க்கிடெக்ட்

மலைமேல் வெள்ளைக் கோபுரங்களோடு நிற்கும் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை ஏதாவது ஒரு காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியது யார் என்று தேடினால் ஒரு பெயரோடு முடியாது. முதலில் படம் போட்டவர் கிறிஸ்டியான் யாங்க். நாடக மேடைக்குப் பின்னணித் திரை வரைகிறவர். அந்தப் படத்தை நிஜக் கட்டடமாக்கும் வேலை எட்வார்ட் ரீடலிடம் போனது. 1874ல் கெயோர்க் டோல்மனிடம் கைமாறியது. 1884ல் அவரையும் விலக்கிவிட்டு யூலியுஸ் ஹோஃப்மனிடம் கொடுத்தார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் கோட்டை என்னவோ ஒரே ஆளின் கனவு மாதிரிதான் இருக்கிறது. அந்த ஆள் பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக்.

ரீடல், டோல்மன், ஹோஃப்மன் மூவரும் அரசவைக் கட்டடக் கலைஞர்கள். இன்று அப்படி ஒரு வேலை இல்லை. இன்றைய ஆர்க்கிடெக்டுக்குப் பத்து வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், ஒருவர் ஒத்துவராவிட்டால் அடுத்தவர். அரசவைக்காரருக்கு வாய்த்தது ஒரே வாடிக்கையாளர். சம்பளம், பட்டம், ஊரில் மரியாதை எல்லாம் அந்த ஒருவர் கையில். அவருக்குப் பிடிக்கும்வரை நாட்டிலேயே பெரிய வேலைகள் தேடி வரும். பிடிக்காமல் போனால் அடுத்த தெருவில் கடை திறக்க வழியில்லை.

ஜெர்மனியில் இப்படிப்பட்டவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்பதற்குக் காரணம் எளிது. 1871 வரை ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க், ஹனோவர் என்று ராஜ்யங்கள். அவற்றைச் சுற்றிலும் சின்னச் சின்ன சமஸ்தானங்கள். 1800களின் தொடக்கம்வரை பிஷப்புகளே ஆண்ட பகுதிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகரம், ஓர் அரண்மனை, ஒரு தேவாலயம், ஒரு நாடகசாலை, ஒரு குதிரை லாயம். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடக்காரர். வூர்ட்ஸ்பூர்க் பிஷப்புகளுக்காகப் பிரமாண்டமான அரண்மனை எழுப்பிய பல்தாசர் நாய்மன், மணியும் பீரங்கியும் வார்க்கும் பட்டறையில் தொழில் பழகி, பீரங்கிப் படை அதிகாரியாக உயர்ந்தவர். 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பதவிக்குப் பலர் ராணுவத்திலிருந்துதான் வந்தார்கள். கோட்டைச் சுவர் கட்டத் தெரிந்தவருக்கு அரண்மனைச் சுவரும் வரும் என்று நினைத்திருக்கலாம். நாய்மன் விஷயத்தில் அது பலித்தது: அவர் போட்ட படிக்கட்டு மண்டபத்தின் கூரை 1945 குண்டுவீச்சிலும் விழவில்லை.

பிரஷ்யாவின் க்னோபெல்ஸ்டோர்ஃபும் முன்னாள் ராணுவ அதிகாரிதான். மகா பிரெடெரிக்குக்கு இளவரசராக இருந்த காலத்திலிருந்தே நண்பர். 1745ல் போட்ஸ்டாமில் சான்சூசி மாளிகை வேலை ஆரம்பித்ததும் இருவருக்கும் முட்டிக்கொண்டது. மாளிகையை உயரமான அடித்தளத்தின்மேல் தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கீழே தோட்டத்திலிருந்து பார்க்கும்போது முன்பகுதி மறைந்துவிடும் என்றார் கலைஞர். ராஜாவுக்கோ அறையிலிருந்து ஒரே எட்டில் தோட்டத்துக்கு இறங்க வேண்டும். சான்சூசி இன்றும் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. கீழே நீரூற்றுப் பக்கம் நின்று நிமிர்ந்தால் கலைஞர் சொன்னது சரி என்று தெரியும். ஆனால் 1746லேயே அந்த வேலையிலிருந்து அவரை விலக்கியாயிற்று.

சரி, இந்தப் பதவியில் ஒரு முழு வாழ்க்கை எப்படி ஓடும்? அதற்கு லியோ ஃபான் கிளென்ட்சேயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவரைவிடப் பெரிய கலைஞர் பெர்லினில் இருந்தார், கார்ல் ஃபிரெட்ரிக் ஷிங்கல். ஆனால் ஷிங்கல் பிரஷ்ய அரசாங்கத்தின் கட்டட இலாகாவில் 1810ல் சேர்ந்து படிப்படியாக மேலே போனவர்; அவருக்குப் பின்னால் ஓர் அலுவலகம் இருந்தது, கோப்பு இருந்தது. கிளென்ட்சேக்கும் பின்னாளில் இலாகா பதவி வந்தது. ஆனால் அவர் ஏறியதும் இறங்கியதும் ஒரு மனிதரின் விருப்பு வெறுப்பை வைத்துத்தான்.

1784 பிப்ரவரி 29ல், ஹார்ட்ஸ் மலைக்கு வடக்கே ஷ்லாடன் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பெர்லினில் கட்டடக்கலை படித்துவிட்டுப் பாரிசுக்குப் போனார். அப்போது ஐரோப்பாவே நெப்போலியன் கையில். ஜெர்மனியின் நடுவே வெஸ்ட்ஃபாலியா என்று ஒரு புது ராஜ்யத்தை உண்டாக்கித் தம்பி ஜெரோமை அதற்கு ராஜாவாக்கியிருந்தார் நெப்போலியன். அந்தத் தம்பியின் காசல் நகர அரசவையில் 1808ல் கிளென்ட்சேக்கு வேலை கிடைத்தது. வயது 24. வில்ஹெல்ம்ஸ்ஹோஹே அரண்மனைக்குப் பக்கத்தில் ராஜாவுக்கென்று ஒரு சிறிய நாடகசாலை கட்டினார். பிற்பாடு நடனமண்டபமாக மாற்றப்பட்ட அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

1813ல் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்றதும் வெஸ்ட்ஃபாலியா வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. ராஜா ஓடினார், கட்டடக்காரரும் ஓடினார். இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்: முதலாளி மட்டுமல்ல, முதலாளியின் நாடே ஒரு மாதத்தில் இல்லாமல் போகலாம். கிளென்ட்சே அடுத்துச் செய்ததை உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் ஊர்க்காரர்களிடம் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஐரோப்பிய சமாதானத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் என்று வரைபடம் தயாரித்து, நெப்போலியனை வென்றவர்கள் வியன்னாவில் கூடியபோது அவர்கள் பார்வைக்கு வைத்தார். அது கட்டப்படவில்லை. ஆனால் 1814ல் பவேரிய இளவரசர் லுட்விக்கின் அறிமுகம் கிடைத்தது. நோய்ஷ்வான்ஸ்டைன் லுட்விக்கின் தாத்தா இவர்.

இளவரசரைப் பற்றியும் கொஞ்சம் தெரிய வேண்டும். பவேரியா ராஜ்யம் ஆனதே 1806 ஜனவரி 1ல்தான். அதுவும் நெப்போலியன் தயவில். புதுப் பணக்காரர் முதலில் வீட்டு முகப்பை மாற்றுவார் இல்லையா, மியூனிக்குக்கும் அந்த அவசரம் இருந்தது. லுட்விக்குக்குப் பழைய கிரேக்கத்தின்மேல் தீராத மோகம். கிரேக்கத் தீவான ஏஜினாவில் தோண்டியெடுத்த கோயில் சிற்பங்களை ஆள் வைத்து வாங்கியிருந்தார். அவற்றை வைக்க ஒரு மண்டபம் வேண்டும் என்று அறிவித்தபோது, மியூனிக்கின் முன்னணிக் கலைஞர் கார்ல் ஃபான் ஃபிஷர் உட்படப் பலர் வரைந்து அனுப்பினார்கள்.

கிளென்ட்சே ஒன்று வரையவில்லை. கிரேக்க பாணியில் ஒன்று, ரோமானிய பாணியில் ஒன்று, மறுமலர்ச்சிக்கால இத்தாலிய பாணியில் ஒன்று என்று மூன்று வரைந்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். கலைஞனுக்கு ஒரு கொள்கை வேண்டாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அரசவையில் நிலைக்கத் தேவையான முதல் திறமை இதுதான் என்பது என் எண்ணம். 1816ல் வேலை அவருக்கு வந்தது. ஃபிஷர் ஓரங்கட்டப்பட்டு 1820ல், 37 வயதில், இறந்துபோனார்.

அந்த மண்டபம்தான் மியூனிக் கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் இருக்கும் கிளிப்டோதெக். 1830ல் முடிந்தது. வாசலில் அயோனியத் தூண்கள் (உச்சியில் சுருள் வைத்த கிரேக்கத் தூண்கள்), வெளிச்சுவரில் ஜன்னலே கிடையாது, அதற்குப் பதில் சிலை வைக்கும் மாடங்கள். வெளிச்சமெல்லாம் உள்முற்றத்திலிருந்து. அறைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெரிய தகராறு. ஏஜினா சிற்பங்களை இளவரசருக்காக வாங்கி வந்த மார்ட்டின் ஃபான் வாக்னர், சுவர் வெறுமையாக இருக்கட்டும், கண் சிலைமேல்தான் போக வேண்டும் என்றார். கிளென்ட்சே வண்ணம், பொன்வேலை, அலங்காரத் தளம் என்று இழைத்தார். அது போதாதென்று சிலையே இல்லாத விருந்து மண்டபங்களையும் நடுவே சேர்த்து, பீட்டர் கொர்னேலியுஸ் என்ற ஓவியரைச் சுவரோவியம் தீட்ட வைத்தார். இளவரசர் ராத்திரியில் விருந்தினர்களை அழைத்து வந்து தீவட்டி வெளிச்சத்தில் சிலைகளைக் காட்டுவார், அதற்கு. அருங்காட்சியகம் என்றாலும் அதற்குள் அரண்மனை வாடை இருக்க வேண்டும் என்று கிளென்ட்சேக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் அலங்காரமெல்லாம் அழிந்தது. 1972ல் மறுபடி திறந்தபோது செங்கல் சுவரை வெறுமையாக விட்டுவிட்டார்கள். வாக்னர் கேட்டது கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

அப்புறம் வேலைகள் அடுக்கடுக்காக வந்தன. நெப்போலியனின் வளர்ப்பு மகனுக்கு லாய்க்டன்பெர்க் மாளிகை, அரசரின் குதிரை லாயம், லுட்விக் பெயரில் புதுத் தெரு, அந்தத் தெருவில் போர் அமைச்சகம், ஓடியோன் என்ற இசை மண்டபம், அரண்மனையின் புதுக் கட்டடங்கள். அரண்மனைக்குள் போடும் நாற்காலி மேஜைக்குக்கூட அவரே வரைந்து கொடுத்தார். 1823 ஜனவரியில் நாடகசாலை தீப்பிடித்தது. கடுங்குளிரில் தண்ணீர் உறைந்துபோனதால் அரசாங்க பீர் ஆலையிலிருந்து பீர் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்று மியூனிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். திரும்பக் கட்டப் பணம் திரட்டியதும் பீர்மேல் வரி போட்டுத்தான். கிளென்ட்சே அதை 1825 தொடக்கத்திலேயே திறக்க வைத்துவிட்டார். கட்டடம் முதலில் ஃபிஷர் கட்டியது. அவருடைய வடிவத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டதைக் கிளென்ட்சேயின் கணக்கில் நல்லதாக எழுதலாம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பதவியின் இன்னொரு பாதி. 1818லேயே பவேரியாவுக்கு அரசியல் சாசனம் வந்துவிட்டது. கஜானாப் பணத்துக்குச் சட்டமன்றம் கேள்வி கேட்கும். ஆகவே ராஜாவிடம் இரண்டு பை: நாட்டின் கஜானா ஒன்று, தன் சொந்தப் பணம் ஒன்று. எந்தக் கட்டடம் எந்தப் பையிலிருந்து என்பது ஓயாத தலைவலி. 1831 சட்டமன்றத்தில் கட்டடச் செலவு பெரிய சண்டையாகவே வெடித்தது. 1825ல் அரசரான லுட்விக் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அள்ளிக் கொடுப்பார், மற்றதில் மகா சிக்கனம். கிளென்ட்சே மதிப்பீடு கொடுத்தால் ஏன் இவ்வளவு என்று கடிதம் வரும். பதில் போனால் மறுபடி கடிதம் வரும். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை நம் காலத்தில் அச்சிட்டபோது ஒன்பது பாகம் வந்தது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். கிளென்ட்சேக்கு இரண்டும் வரும். அதே சமயம் ரகசியக் குறிப்பேடு ஒன்றும் வைத்துக்கொண்டு, ராஜாவைப் பற்றிய வயிற்றெரிச்சலையெல்லாம் அதில் கொட்டி வைத்தார்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. கிளென்ட்சேயின் மனம் கிரேக்கத்தில். ராஜாவின் மனமோ போன பயணத்தில் எதைப் பார்த்தாரோ அதில். ஃபுளோரன்சில் பிட்டி அரண்மனையைப் பார்த்தார், மியூனிக் அரண்மனையின் முகப்பு அதே மாதிரி வேண்டும் என்றார். சிசிலியில் பலெர்மோ அரண்மனைத் தேவாலயத்தில் தங்கப் பின்னணி மின்னுவதைப் பார்த்தார், தன் அரண்மனைத் தேவாலயம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றார். கிளென்ட்சேக்கு அந்தப் பைசாந்திய பாணி கொஞ்சமும் பிடிக்காது. வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் வெனிஸ் பாணியைக் கலந்து, தன் மனசாட்சிக்குக் கொஞ்சம் ஒழுங்கைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

அவரைச் சுதந்திரமாக விட்டால் என்ன செய்வார் என்பதற்கு பழைய பினகோதெக் என்கிற ஓவியக்கூடத்தைப் பார்க்க வேண்டும். 1826ல் அடிக்கல், 1836ல் திறப்பு. ஊருக்கு வெளியே வெட்டவெளியில் இடம் தேர்ந்தார். பக்கத்து வீட்டுத் தீயும் புகையும் ஓவியங்களை அண்டக் கூடாது. கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளமாகப் படுக்க வைத்து, மேல்தளத்தை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்தார். நடுவில் பெரிய கூடங்கள், வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கும். வடக்குப் பக்கம் வரிசையாகச் சிறு அறைகள். வெயில் நேராக விழாத வடக்கு வெளிச்சம் ஜன்னல் வழியே வரும், சின்ன ஓவியங்களுக்கு அது போதும். தெற்குப் பக்கம் வெயிலைத் தாங்க ஒரு நீண்ட தாழ்வாரம், 25 வளைவுகளோடு. அதன் வழியே நடந்து எந்தக் கூடத்துக்கு வேண்டுமோ அங்கே நுழையலாம், மற்றக் கூடங்களைக் கடக்க வேண்டியதில்லை. ரூபென்ஸ் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். ஓவியத்துக்குச் சுவர் தேடாமல், அந்த ஓவியத்தை அளவாக வைத்தே நடுக்கூடத்தை வகுத்தார். பிற நாட்டு அருங்காட்சியகங்கள் இந்தத் திட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. என்னைக் கேட்டால், அவருடைய தூண்களைவிட இந்த வெளிச்சக் கணக்கில்தான் அவர் பெரிய ஆள்.

ஆனால் பினகோதெக் கட்டிக்கொண்டிருக்கும்போதே ராஜாவின் பார்வை ஃபிரெட்ரிக் ஃபான் கெர்ட்னர் பக்கம் திரும்பியிருந்தது. வளைவுகளை வைத்து இடைக்காலச் சாயலில் கட்டுகிறவர், கிளென்ட்சேயைவிட இளையவர். லுட்விக் தெருவைப் பாதி கிளென்ட்சே போட்டார். மீதிப் பாதியில் நூலகம், தேவாலயம், பல்கலைக்கழகம் எல்லாம் கெர்ட்னருக்குப் போயின. ஒரே உறையில் இரண்டு கத்தி. ராஜா அதைத் தெரிந்தேதான் செய்தார் என்று தோன்றுகிறது; இருவரும் பயந்துகொண்டே இருப்பார்கள், மதிப்பீடும் குறையும்.

கிரேக்க விவகாரம் இதைவிடக் கசப்பு. லுட்விக்கின் மகன் ஓட்டோ புதிதாக விடுதலை பெற்ற கிரேக்கத்துக்கு ராஜாவானார். 1834ல் கிளென்ட்சே ஏதென்சுக்கு அனுப்பப்பட்டார். ஊருக்குத் திட்டம் போடுவது வெளிக்காரணம். இளம் ராஜாவின் பெயரில் ஆண்டுகொண்டிருந்த பவேரிய அதிகாரிகளுக்குள் நடந்த சண்டையை லுட்விக் சார்பில் தீர்த்து வைப்பது உள்காரணம். நம்பகமான கட்டடக்காரர் தூதராகவும் போவார். அங்கே அவர் செய்த நல்ல காரியம், பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபொலிஸ் குன்று இனி ராணுவத்துக்கு வேண்டாம், தொல்லியலாளர் கையில் கொடுங்கள் என்று வாதாடி வென்றது. அதே வருடம் செப்டம்பரில் குன்றின் மேல் விழா நடத்தி, அங்குள்ள பார்த்தெனன் கோயிலைச் சீரமைக்கும் வேலையைத் தொடங்கி வைத்தார். அதே குன்றில் ஓட்டோவுக்கு அரண்மனை கட்ட பெர்லினிலிருந்து ஷிங்கல் வரைந்த அழகான திட்டமும் நிறைவேறவில்லை. இடிபாடுகளின் நல்ல காலம். கிளென்ட்சே ஊருக்குள் வேறிடத்தில் அரண்மனைக்குத் திட்டம் கொடுத்தார். கடைசியில் அரண்மனையைக் கட்டியவர் யார் தெரியுமா? கெர்ட்னர். இன்று கிரேக்க நாடாளுமன்றம் நடப்பது அந்தக் கட்டடத்தில்தான்.

இருந்தும் பெரிய கனவு கிளென்ட்சே கையில்தான் இருந்தது. ரேகன்ஸ்பூர்க்குக்குப் பக்கத்தில் டான்யூப் ஆற்றின் மேலே, பார்த்தெனனை மாதிரியாக வைத்து, ஜெர்மன் மொழி பேசிய பெரியவர்களின் மார்பளவுச் சிலைகளுக்காக ஒரு கோயில்: வால்ஹால்லா. 1830 அக்டோபர் 18ல் அடிக்கல், சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் திறப்பு. லைப்சிக் வெற்றி நாள் என்று பார்த்து வைத்த தேதி. ஒரு காலத்தில் அதே வெற்றி இவருடைய வேலையைப் பறித்தது! ஆற்றங்கரையிலிருந்து 358 படி ஏற வேண்டும். வெளியே சுத்தமான கிரேக்கம்; கூரைக்குள் தாங்கி நிற்பதோ இரும்புச் சட்டங்கள், அன்றைக்கு அது புதுத் தொழில்நுட்பம்.

உள்ளூரில் மதிப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து ஒரு கை நீண்டது. 1838ல் மியூனிக் வந்த ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ், கிளிப்டோதெக்கையும் பினகோதெக்கையும் பார்த்துவிட்டு, எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் புதிய ஹெர்மிட்டேஜ் அப்படி வந்தது. 1852ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வாசலில் கூரையைத் தாங்கி நிற்கும் பத்து ராட்சதக் கருங்கல் ஆண் சிலைகளுக்கு யோசனை இவருடையது, செதுக்கியவர் ரஷ்யச் சிற்பி தெரெபெனெவ்.

1847ல் கெர்ட்னர் இறந்தார். அடுத்த மார்ச்சில், நடனக்காரி லோலா மோன்டெசுடனான உறவு கிளப்பிய கொந்தளிப்பும் புரட்சியும் சேர்ந்து லுட்விக்கை முடி துறக்க வைத்தன. ஆனால் முன்னாள் ராஜாவுக்குச் சொந்தப் பணமும் கட்டும் ஆசையும் மிச்சம் இருந்தன. நெப்போலியனை விரட்டிய போர்களின் நினைவாகக் கெர்ட்னர் தொடங்கிப் பாதியில் விட்ட கெல்ஹைம் விடுதலை மண்டபம் கிளென்ட்சேக்கு வந்தது; வடிவத்தை ரோமானிய பாணிக்கு மாற்றி, 1863ல், தன் 79ஆவது வயதில் முடித்தார். கோனிக்ஸ்பிளாட்ஸில் கிளிப்டோதெக்குக்குப் பக்கவாட்டில் புரோபிலேயன் என்ற பெருவாசலும் லுட்விக் செலவில் எழுந்தது. கிரேக்க விடுதலைக்கும் மகன் ஓட்டோவின் ஆட்சிக்கும் நினைவுச்சின்னம் அது. 1862 அக்டோபர் கடைசியில் திறப்பு. அதற்கு ஒரு வாரம் முன்பு கிரேக்கர்கள் ஓட்டோவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1864 ஜனவரியில் கிளென்ட்சே இறந்தார். மியூனிக்கின் பழைய தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கெர்ட்னரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

முதலில் பார்த்த டோல்மன் கிளென்ட்சேயிடம் வேலை பழகியவர். 1918ல் ஜெர்மன் ராஜாக்கள் எல்லோரும் போனதோடு அரசவைக் கட்டடக் கலைஞர் பதவியும் போயிற்று. மியூனிக் பக்கம் போகிறவர்கள் அரை நாளில் கிளென்ட்சேயின் முக்கியமான வேலைகளைப் பார்த்துவிடலாம். கோனிக்ஸ்பிளாட்ஸில் தொடங்கி, கிளிப்டோதெக்கைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் நடந்தால் பினகோதெக். அதன் தெற்குச் சுவரில் குண்டு விழுந்து பிளந்த பகுதியை ஹான்ஸ் டொல்காஸ்ட் என்ற கலைஞர் 1950களில் வெறும் செங்கல்லால் அடைத்திருக்கிறார். எது கிளென்ட்சே, எது ஒட்டு என்று தூரத்திலிருந்தே தெரியும். 25 வளைவுத் தாழ்வாரம் இருந்த இடத்தில் இப்போது டொல்காஸ்ட் போட்ட நீளப் படிக்கட்டு. திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், இரண்டுமே மூடியிருக்கும்.